உருகாமலே ஓடும் வெள்ளி

வணக்கம். உருகாமலே மின்சாரத்தைப் பாய விடும் ஓர் உப்பைப் பற்றித்தான் இன்று பேச்சு. குல்பி விற்பவர் ஐஸை உடைத்துப் போட்டு அதன்மேல் கல்லுப்பை அள்ளித் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் ஐஸ் சுழி டிகிரியில் உருகும். உப்பு சேர்ந்துவிட்டால் அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும். எந்த அளவு உப்புக்கு, எந்தச் சூட்டில், எது உருகும், எது உறையும் என்று குறித்து வைத்ததுதான் நிலைமை வரைபடம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அந்தக் குல்பிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நம் வீட்டு உப்பு ஓர் உலோக ஹாலைடு, அதாவது ஓர் உலோகம் குளோரின், அயோடின் போன்ற ஒன்றோடு சேர்ந்த உப்பு. காய்ந்த உப்புக்கல்லில் மின்சாரம் பாயாது. 801 டிகிரியில் உருக்கினால் தாராளமாகப் பாயும். 1833இல் மைக்கேல் ஃபாரடே இதைத்தான் எடுத்துச் சொன்னார். மெல்லிய ஐஸ் படலம் ஒன்று மின்னோட்டத்தை மறித்ததைப் பார்த்ததும், ஈயக் குளோரைடை உருக்கிச் சோதித்தார். உருகியபோது பாய்ந்தது, உறைந்தபோது நின்றது. மின்சாரத்தைச் சுமக்கும் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், திண்மத்தில் இருந்த இடத்திலேயே கட்டுண்டு கிடக்கின்றன. உருகினால்தான் அவற்றுக்கு நடமாட்டம். சரி, இதுதான் பொதுவான வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு அடங்காத ஓர் உப்பு உண்டு. அதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை. வெள்ளி அயோடைடு; மழை வேண்டி மேகத்தில் தூவுகிறார்களே, அதே மஞ்சள் பொருள். 1914இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் டூபான்ட், லோரென்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சூடாக்கி அளந்தார்கள். 147 டிகிரியை ஒட்டி மின்கடத்துதிறன் ஒரே தாவாக ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியது. கவனியுங்கள், உப்பு இன்னும் உருகவில்லை, திண்மம்தான்! 558 டிகிரியில் உருகும்போது கடத்துதிறன் ஏறவில்லை, சற்றே குறைந்தது.

எது ஓடுகிறது? டூபான்ட் கையாண்ட வழியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வெள்ளி அயோடைடை வில்லைகளாக அழுத்தி, வெள்ளித் தகட்டுக்கும் பிளாட்டினத் தகட்டுக்கும் நடுவே அடுக்கி, மின்சாரம் செலுத்தி, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட்டார். வெள்ளித் தகடு இளைத்திருந்தது. பிளாட்டினத்தின் மேல் அதே அளவு வெள்ளி படிந்திருந்தது. நடுவிலிருந்த வில்லைகளின் எடை மாறவே இல்லை. வெறும் தராசை வைத்துக்கொண்டு, ஓடுவது வெள்ளி அயனி மட்டும்தான் என்று காட்டிவிட்டார். பின்னாளில் எக்ஸ் கதிர் ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது: அயோடைடு அயனிகள் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்கள் மாதிரி அசையாமல் நிற்க, வெள்ளி அயனிகள் அவற்றுக்கிடையே பிள்ளைகள்போல் ஓடித் திரிகின்றன.

அறை வெப்பத்திலேயே இப்படிப் பாய வேண்டுமென்றால்? மறுபடியும் நிலைமை வரைபடத்திடம்தான் போக வேண்டும். நான்கு பங்கு வெள்ளி அயோடைடுக்கு ஒரு பங்கு ருபிடியம் அயோடைடு சேர்ந்தால், அறை வெப்பத்திலேயே வெள்ளி அயனிகள் ஓடும். 1960களில் கண்ட சேர்மம் இது. ஆனால் 27 டிகிரிக்குக் கீழே அது நிலையானதல்ல. மெல்லப் பிரியத் தொடங்கும், ஈரம் பட்டால் சீக்கிரமே.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கல்பாக்கம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வரியில் சொல்கிறேன். லித்தியம் குளோரைடு தனியே உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், பொட்டாசியம் குளோரைடுக்கு 770. சரியான விகிதத்தில் கலந்தால் ஏறத்தாழ 355 டிகிரியிலேயே உருகிவிடும். அணு உலையில் பயன்படுத்திய உலோக எரிபொருளை மின்னாற்பகுப்பால் சுத்திகரிக்கும் ஆய்வு அங்கே அந்த உருகலில்தான் நடக்கிறது. வணக்கம்.