இன்ஜினுக்கு மெத்தை வேண்டாம், போல்ட் போடுங்கள்

[காட்சி: பட்டறைத் தரையில் பழைய புல்லட் இன்ஜின். அதன் பக்கத்தில் உடைந்த இரும்புத் துண்டுகள்.]

வணக்கம். இந்த மூன்று துண்டுகளும் ஒரு புல்லட் பைக் சிலிண்டரின் ஃபின்கள், அதாவது சூட்டைத் தணிக்க வெளியே நீட்டியிருக்கும் தகடுகள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு இன்ஜினைத் தெர்மாகோல், பழைய தலையணை, தடித்த அட்டைப்பெட்டி என்று பார்த்துப் பார்த்துக் கட்டி லாரி பார்சலில் போட்டேன். போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்கு அடிப்பக்கமே இல்லை. பார்சல்காரர்களை நன்றாகத் திட்டினேன். அப்புறம் ஆற அமர யோசித்தால், தப்பு என் பக்கம்தான்.

டிவிக்குச் செய்வதை இன்ஜினுக்கும் செய்திருந்தேன். டிவி பார்க்கப் பெரிது, கனம் கொஞ்சம். அதைத் தெர்மாகோல் தாங்கும். இன்ஜின் அப்படியில்லை. கியர்பாக்ஸோடு சேர்த்து ஒரு சிமென்ட் மூட்டையோடு போட்டி போடும் கனம், அடக்கமான உருவம். முதல் பள்ளத்திலேயே தெர்மாகோல் நசுங்கிவிடும். நசுங்கியது மறுபடி நிமிராது, அங்கே இடைவெளி விழும். அடுத்த பள்ளத்தில் இன்ஜின் அந்த இடைவெளியில் ஓடிப் போய்ப் பெட்டியில் மோதும். பாதி வழி போவதற்குள் உள்ளே இருப்பது சுத்தியல்தான்.

இப்போது வேறு பக்கமாக யோசியுங்கள். இதே இன்ஜின் வண்டியில் இருந்தபோது எத்தனை ஆண்டு குலுங்கியிருக்கும்? ஒரு ஃபின்னாவது உடைந்ததா? இல்லை. சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஆக, நாம் செய்யப் போவது பெட்டி இல்லை, மரத்தில் ஒரு சேஸிஸ்.

[காட்சி: இன்ஜின் அருகே, ஒவ்வொரு பாகமாகக் கை காட்டுகிறது.]

இன்று திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகப் போவது 350 சிசி பழைய வார்ப்பிரும்பு மாடல். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). 1955 முதல் சென்னையில் உருவான வண்டியின் இன்ஜின். 1977இல் இந்த வண்டியை, அது பிறந்த இங்கிலாந்துக்கே இங்கிருந்து ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். அப்பேர்ப்பட்ட இன்ஜின் பெங்களூருக்குப் பத்திரமாகப் போகாதா என்ன!

முதலில் எண்ணெய். புல்லட்டில் இது ஒரே இடத்தில் இல்லை. கிராங்க் கேஸ், செயின் ஓடும் பிரைமரி கேஸ், கியர்பாக்ஸ் மூன்றையும் தனித்தனியாக வடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு நாலைந்து முறை கிக்கரை மிதித்தால் ஒளிந்திருப்பதும் கீழே இறங்கும். வடித்து முடித்ததும் டிரெயின் போல்ட்களை மறக்காமல் மாட்டுங்கள். ஒரு ராத்திரி அட்டை மேல் முட்டுக் கொடுத்து நிற்க வையுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம். லாரியில் பக்கத்து மூட்டை பட்டுப்புடவையாக இருந்தால் உங்கள் எண்ணெய்க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலைக் கொட்டிக் காய வைத்து, தனிப் பையில் போடுங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் பார்சலை யாரும் ஏற்றக் கூடாது, ஏற்றவும் மாட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கிக்கர், கியர் லிவர் இரண்டும் கழற்ற வேண்டியவை. இடிபட்டால் லிவர் மட்டும் வளையாது, உள்ளே ஷாஃப்ட்டும் வளையும்.

கிக்கரைக் கழற்றும் முன், பலர் செய்யாத ஒன்று. பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நாலு சுற்று சுற்றி, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் (காற்றை அழுத்தும் ஏற்றத்தில்) பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் வால்வு இரண்டும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பழைய பிளக் ஒன்றை மாட்டிவிடுங்கள். கார்புரேட்டர் மாட்டும் வாயையும் சைலன்சர் மாட்டும் வாயையும் துணியால் அடைக்கலாம், ஆனால் துணி சிவப்பாக, பாதி வெளியே தொங்குவதாக இருக்கட்டும். உள்ளே திணித்த துணியை மறந்து ஸ்டார்ட் பண்ணியவர்கள் உண்டு.

சிலிண்டரின் வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, மேலே பாலித்தீன், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை இரண்டு. துருவுக்கு இது போதும்.

[காட்சி: மரக்கடை. பலகைகளை அறுக்கிறார்கள்.]

இனி மரச் சேஸிஸ். இதில்தான் நேரத்தைப் போடுங்கள். அடிப்பலகை இரண்டு அங்குலக் கனம். அதன் கீழே மூன்று அங்குல உயரத்தில் இரண்டு கட்டைகள், லோடுமேன் விரல் நுழையவும் டிராலி நுழையவும். அடிப்பக்கம் உயரத்தைவிட அகலமாக இருந்தால் நல்லது. சிலிண்டர் மேலே நிமிர்ந்து நிற்கும் இன்ஜின் இது, தானாக நிற்காது, சாய்ந்துவிடும்.

பெட்டி பெரிதானால் செலவு ஏறுமே என்று பயப்பட வேண்டாம். கூரியரில் பரவலாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 60க்கு 50க்கு 65 பெட்டி என்றால் 39 கிலோ வரும். இதுவா, தராசு எடையா, எது அதிகமோ அதற்குக் காசு. நம் இன்ஜின் அதைவிடக் கனம், எப்படியும் எடைக்குத்தான் காசு.

இன்ஜினை வண்டியில் மாட்ட கிராங்க் கேஸில் விட்ட துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றையே பயன்படுத்துங்கள். இரண்டு பக்கமும் 'எல்' வடிவ இரும்பு ஆங்கிள் துண்டை நிறுத்தி, துளை வழியாக நீளமான போல்ட் விட்டு, ஆங்கிளை அடிப்பலகையோடு முழுவதும் ஊடுருவும் போல்ட்டால் இறுக்குங்கள். கீழே பெரிய வாஷர். ஆணி வேண்டவே வேண்டாம். குலுங்கக் குலுங்க ஆணி மேலே வந்துவிடும். கிராங்க் கேஸுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்தால் கனம் போல்ட்டில் மட்டும் தொங்காது.

அதற்கு மேலும் பயமாக இருந்தால் ஒரு ராட்செட் பெல்ட், கிராங்க் கேஸைச் சுற்றி. ஃபின் மேல் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்தால் சூடேற்றி நிக்கல் ராட் வைத்து ஒட்டும் ஆளைத் தேட வேண்டும், அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

[காட்சி: நான்கு மூலைகளிலும் கால்கள் நிற்கின்றன.]

நான்கு மூலையிலும் கால். உச்சியில் இருக்கும் ராக்கர் கவரைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருக்கட்டும். மேலே யாராவது அரிசி மூட்டையை வைப்பார்கள். வைக்காதீர்கள் என்று எழுதினாலும் வைப்பார்கள். பாரம் காலில் இறங்கட்டும், இன்ஜினில் இறங்க வேண்டாம். பக்கவாட்டில் குறுக்கே ஒரு பலகையைச் சாய்வாக அடியுங்கள். அது இல்லாவிட்டால் சதுரம் கோணிக்கொள்ளும், முக்கோணம் கோணாது.

பக்கங்களை முழுதாக மூடாதீர்கள், இடைவெளி விட்டுப் பட்டை அடியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் லோடுமேன் உருட்ட மாட்டார். மூடிய பெட்டியை யாரும் தூக்குவதில்லை, புரட்டுவார்கள்.

மேல்நோக்கிய அம்புக்குறியை நான்கு பக்கமும் பெயின்டில் போடுங்கள். முகவரி இரண்டு பக்கம், இன்னொரு தாள் உள்ளே. எடை போட நான் போவது பழைய இரும்புக்கடைத் தராசுக்கு. கடைக்காரர் "விற்கிறீர்களா?" என்று கேட்பார், மனம் மாறாதீர்கள்.

[காட்சி: பார்சல் அலுவலகம். ரசீது.]

காகிதம் பற்றிச் சுருக்கமாக. இன்ஜின் நம்பர் தெரியும்படி ஒரு படம், ஆர்சி நகல், விற்ற கடிதம். வழியில் சோதனை என்றால் திருட்டுப் பொருள் இல்லை என்று காட்ட வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டு, கேட்பார்கள். எல்.ஆர். எனும் லாரி ரசீதில் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று இருக்கும், சேதமானால் பொருளின் சொந்தக்காரரே பொறுப்பு என்று அர்த்தம். அதைப் படித்துவிட்டு, இன்ஷூரன்ஸ் தனியாக உண்டா என்று அங்கேயே கேளுங்கள். பட்டை அடிப்பதற்கு முன்னால் எடுத்த படங்கள்தான் அப்போது உங்கள் சாட்சி.

கடல் தாண்டி அனுப்புபவர்களுக்கு இன்னொன்று. மரத்துக்கு வெளிநாட்டில் தனி விதி. பொதுவாக, பூச்சி சாக மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரையும் குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடலாம். அந்த மரத்தைத் தேடி வாங்குங்கள்.

[காட்சி: கேமரா இன்ஜினின் எண்ணெய் மூடிக்கு நெருங்குகிறது.]

பெட்டியை மூடும் முன் ஒரு அட்டைத் துண்டு. அதில் கொட்டை எழுத்தில் 'எண்ணெய் இல்லை' என்று எழுதி எண்ணெய் மூடியிலேயே கம்பியால் கட்டுங்கள். பெங்களூருக்காரர் ஆசையோடு பெட்டியைப் பிரித்து, வண்டியில் மாட்டி, கிக்கரை மிதிக்கும் முன் அவர் கண்ணில் இதுதான் முதலில் பட வேண்டும்.