'நொய்! 2' இரண்டாம் பக்கம்: சோதனையே என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'நொய்!' என்ற ஜெர்மானிய இசைக்குழு 1973இல் வெளியிட்ட 'நொய்! 2' இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் சோதனை முயற்சியா, ஒப்பேற்றிய வேலையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "காசு தீர்ந்தது, பழைய சிங்கிளையே, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டையே, வேகம் மாற்றி ஓட்டிப் பக்கத்தை நிரப்பினார்கள், வாங்கியவனை ஏமாற்றினார்கள்" என்றார்.

காசு தீர்ந்தது உண்மை. அதை நான் மறுக்கவே போவதில்லை. ட்யூசல்டார்ஃப் நகரத்து மிஷாயேல் ரோதரும் கிளவுஸ் டிங்கரும் கிராஃப்ட்வெர்க் என்ற இசைக்குழுவிலிருந்து பிரிந்து வந்து 'நொய்!' குழுவைத் தொடங்கியவர்கள். முதல் ஆல்பத்தை 1971 டிசம்பரில் ஹாம்பர்க்கில், ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்க் துணையோடு, நாலே இரவில் முடித்தார்கள். இரண்டாவதில் கிதார் மேல் கிதாராக அடுக்கி, முதல் பக்கத்திலேயே ஸ்டூடியோ நேரத்தையெல்லாம் கரைத்துவிட்டார்கள். 'ஃப்யூர் இம்மர்' என்ற பாட்டு ஒன்றே 11 நிமிடத்துக்கு மேல். மறுபக்கத்துக்குக் கைவசம் இருந்தது 1972இல் வெளியிட்ட சிங்கிள் மட்டும்: 'நொய்ஷ்னே', 'சூப்பர்' என்று இரண்டு பாட்டு. பணமும் நேரமும் போனதை ரோதரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நடுவர் அவர்களே, ஜெர்மனில் 'நொய்' என்றால் புதிது. நம் வீட்டில் நொய் என்றால் உடைந்த அரிசி. அரிசிப் பானை காலியான வீட்டில் நொய்க்கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறார்கள். பானை ஏன் காலி என்று எதிரணி அரை மணி நேரம் பேசியது. கஞ்சியை ஒருவர்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நாம் பார்ப்போம்.

சிங்கிள் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுவது. அதை 78இல் ஓட்டினால் வேகம் 1.73 மடங்கு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரம் என்ற கணக்கில், சுருதி ஒன்பதரை அரைச்சுரம் ஏறும். அதாவது ஷட்ஜம் போய் சதுச்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில், எந்தச் சுரஸ்தானத்திலும் சேராமல் நிற்கும். 60 ஹெர்ட்ஸில் இடித்த பாஸ் டிரம் 104க்கு ஏறி, கனம் போய், மேசையைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். எதிரணி 'கார்ட்டூன் குரல்' என்றதே, அது இதைத்தான். ஒப்புக்கொள்கிறேன், 'நொய்ஷ்னே 78' எனக்கும் இந்தப் பக்கத்தின் இளைத்த பிள்ளை.

இப்போது 'சூப்பர் 16'க்கு வாருங்கள். பழைய பிளேயர்களில் 16⅔ என்று ஒரு வேகம் உண்டு. 45 ஓட்டத் தட்டை அதில் போட்டால் வேகம் 37 விழுக்காடுதான். சுருதி பதினேழு அரைச்சுரம் இறங்கும்: ஒரு ஸ்தாயி முழுதாகக் கீழே போய், அதற்கும் கீழே உள்ள பஞ்சமத்தை ஒட்டி நிற்கும். 10,000 ஹெர்ட்ஸில் மின்னிய சிம்பல் 3,700க்கு வந்து, மூடிய கதவுக்குப் பின்னால் தகரம் உரசுவதுபோல் நீளும். நிமிடத்துக்கு 100 அடி விழுந்த தாளத்தில் 37 அடிதான் விழும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒன்றரை வினாடிக்கு மேல் இடைவெளி. சாதாரண வேகத்தில் காதுக்கு எட்டாமலே கடந்துபோன டிரம் தோலின் அதிர்வு, கிதார் சிதறலின் வால், எல்லாம் அந்த இடைவெளிக்குள் வெளியே வருகிறது. இந்த ஒலியை யாரும் உட்கார்ந்து வாசித்துப் பெற முடியாது. 1976இல் வந்த ஒரு குங்ஃபூ படத்தில் கண் தெரியாத வில்லனுக்குப் பின்னணியாக வைத்தார்களே, அது அசல் 'சூப்பர்' அல்ல, இந்தப் 'பதினாறு'தான்.

வீட்டில் சோதிக்க விரும்புவோர் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். கணினியில் சுருதியைப் பிடித்துக்கொண்டு காலத்தை மட்டும் நீட்டும் வசதியைப் போட்டால் இந்த ஒலி வரவே வராது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே 0.37க்கு இறக்க வேண்டும்.

ஏமாற்று என்றார்கள். ஏமாற்றுபவன் எதையாவது மறைக்க வேண்டும் அல்லவா? இவர்கள் பாட்டின் பெயரிலேயே 78, 16 என்று வேகத்தை அச்சடித்திருக்கிறார்கள். முதல் ஆல்பத்தின் அதே எழுத்தை அட்டையில் வைத்து, குறுக்கே ஸ்பிரே பெயின்ட்டில் 2 என்று போட்டிருக்கிறார்கள். செய்து முடித்த பொருளையே மூலப்பொருளாக எடுக்கிறோம் என்று அட்டையே சொல்கிறது.

என் வலுவான சான்று வரிசை. பக்கத்தை நிரப்புகிறவன் நல்ல அசலை முதலில் வைப்பான், மிச்சத்தைப் பின்னால் தள்ளுவான். இங்கே 'நொய்ஷ்னே 78'இல் தொடங்கி, அடுத்து 'சூப்பர் 16', மூன்றாவதாகத்தான் அசல் 'நொய்ஷ்னே'. பிறகு 'காசெட்டோ', 'சூப்பர் 78', 'ஹாலோ எக்சென்ட்ரிகோ'. அசல் 'சூப்பர்' ஆகக் கடைசி. எக்சென்ட்ரிகோ என்ற பெயரே மையம் விலகியதைக் குறிக்கிறது. தட்டின் துளை 1 மில்லிமீட்டர் விலகினாலே, 80 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருதி இரு பக்கமும் ஐந்தில் ஒரு அரைச்சுரம் ஆடும். ஊசி உள்ளே போகப்போக ஆட்டம் கூடும். ஓட்டும்போது ஒலி பிழைபடும் விதங்களை இவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். 'காசெட்டோ' அதில் தேறவில்லை என்பது என் எண்ணம். எடுத்த சோதனை எல்லாமா தேறும்?

இதற்கு முன்னோரும் உண்டு. 1939இலேயே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை, வேகம் மாற்றக்கூடிய வகையை, இசைக்கருவியாக வைத்து எழுதினார். 1948இல் பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியேர் ஷேஃபர் ரயில் சத்தத்தைத் தட்டில் வெட்டி இசையாக்கினார். அவர்களுக்கு வானொலி நிலையத்தின் கருவிகள் இருந்தன. இவர்கள் கையில் இருந்தது ஒரு பிளேயர், ஒரு சிங்கிள்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒரே வேண்டுகோள். அந்தப் பக்கத்தை இடையில் ஊசியைத் தூக்காமல் ஓடவிடுங்கள். கடைசியில் 'சூப்பர்' தன் சொந்த வேகத்தில் வரும்போது, முன்பு நகர மறுத்த அந்தப் பூதமும், தலைதெறிக்க ஓடிய அந்தப் பொடியனும் அதே டிரம்முக்குள் இருப்பது கேட்கும். சிங்கிளை மட்டும் வாங்கியவருக்கு அது கேட்டிருக்காது.

நன்றி, வணக்கம்.