புதுச்சேரிக் கடலுக்கு எந்த கேமரா, எந்த ஸ்ட்ரோப்?

[திரையில்: 18 மீட்டர் ஆழத்துல ஒரு களவா மீன். படம் முழுக்க நீலப்பச்சை. அடுத்து அதே மீன், பழுப்பு உடம்பும் செந்நிறப் புள்ளியும் தெளிவா.]

மீனும் ஒண்ணு, கேமராவும் ஒண்ணு. ரெண்டாவது படத்துல பக்கத்துல ஒரு ஸ்ட்ரோப், அதாவது தண்ணிக்குள்ள மாட்டுற தனி ஃபிளாஷ், எரிஞ்சிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா வாங்கும்போது பாதிப் பேர் கையில இருக்குற காசை கேமராவுக்கே போட்டுட்டு, லைட்டுக்கு வரும்போது கையைப் பிசையுறாங்க. நம்ம கடலுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

தண்ணி முதல்ல விழுங்குறது சிவப்பை. 5 மீட்டர்லயே அது நல்லா மங்கிடும். டெம்பிள் ரீஃப் மாதிரி செயற்கைப் பாறைத்திட்டுல தரை கிட்டத்தட்ட 18 மீட்டர். அங்க சிவப்பே வந்து சேராது, இல்லாத நிறத்தை, கேமராவுல நிறம் சரிபண்ற ஒயிட் பேலன்ஸ் எங்கிருந்து கொண்டுவரும்? ஸ்ட்ரோப் மீனுக்கு அரை மீட்டர் தள்ளி இருந்தா, வெளிச்சம் போய்த் திரும்புற தூரம் மொத்தமே 1 மீட்டர். அதுக்குள்ள சிவப்பு தப்பிச்சிடும்.

[திரையில்: மழைக்காலக் கழிமுகம், கடலுக்குள்ள நீளுற செம்மண் நிறம்.]

ரெண்டாவது விஷயம் கலங்கல். வடகிழக்குப் பருவமழையில தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். மழை இல்லாத நாள்லயும் தண்ணியில துகள் மிதந்துக்கிட்டேதான் இருக்கும். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவுல இருக்குற துகள் மேல ஃபிளாஷ் பட்டா, படம் பூரா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. இதைத்தான் பேக்ஸ்கேட்டர்னு சொல்றாங்க. நடுவுல இருக்குற தண்ணியைக் குறைச்சா துகளும் குறையும். அதனால இங்க முதல் செட்டு கிட்டப்போய் எடுக்குறதுக்கான செட்டா இருக்கட்டும். அகலமான பாறைக் காட்சி, மீன் கூட்டம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

அப்படிப் பார்த்தா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒலிம்பஸ் டிஜி-6, இல்ல 2023-ல வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போதும். வெறும் கேமராவே 15 மீட்டர் தாங்கும். ஆனா அதை நம்பி 18 மீட்டர் இறங்காதீங்க. பிடி-059 ஹவுசிங், அதாவது தண்ணி புகாத வெளிக்கூடு, போட்டா 45 மீட்டர். மைக்ரோஸ்கோப் மோடுல 1 சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகும். அவ்வளவு கிட்டப் போனா ஹவுசிங் நிழலே விழுந்துடும், அதனால 5 சென்டிமீட்டர் விலகி ஜூம் பண்ணுங்க. குறையும் உண்டு: முழு மேனுவல் மோடு கிடையாது, ஷட்டர் வேகத்தை நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அது வேணும்னா சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. லென்ஸ் மாத்துற மிரர்லெஸ் கேமரா வாங்குறது, நடுத்தண்ணியில அசையாம நிக்கப் பழகின பிறகு.

கோப்ரோ? வீடியோவுக்கு நல்ல சாமான். அதுல ஃபிளாஷே இல்லை, ஸ்ட்ரோப்பைத் தூண்ட வழியில்லை. வீடியோ லைட்டுதான் மாட்டணும்.

இப்போ ஸ்ட்ரோப். பெட்டி மேல கைடு நம்பர்னு ஒரு எண் இருக்கும். ஸ்ட்ரோப்போட பலம் அது. அதை மீட்டர்ல தூரத்தால வகுத்தா லென்ஸ் துவாரத்தைச் சொல்ற எஃப் எண் வரும் (எண் பெருசுன்னா துவாரம் சிறுசு), ஆனா அது காத்துல. தண்ணிக்குள்ள தோராயமா மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க. இனான் எஸ்-2000-க்கு கைடு நம்பர் 20. அரை மீட்டர்ல 40, அதுல மூணுல ஒரு பங்கு 13. எஃப்/8-ல எடுக்குற ஆளுக்கு மிச்சமே இருக்கு. அதே ஸ்ட்ரோப் 2 மீட்டர் தள்ளின மீனுக்கு எஃப்/3-க்குத்தான் தாங்கும். கைடு நம்பர் 33 உள்ள இனான் இசட்-330, சீ அண்ட் சீ ஒய்எஸ்-டி3 எல்லாம் அகலப் படத்துக்கு. கிட்டப்போய் எடுக்குறவங்களுக்கு அது வீண் சுமை.

கேமராவையும் ஸ்ட்ரோப்பையும் இணைக்க ஃபைபர் ஆப்டிக் கேபிள் போதும். மின்கம்பி இணைப்புன்னா ஹவுசிங்ல இன்னொரு ஓட்டை, தண்ணியைத் தடுக்க இன்னொரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). ஃபைபர்ல கேமராவோட சொந்த ஃபிளாஷ் எரிஞ்சாதான் சிக்னல் போகும், அதனால ஃபிளாஷை எப்பவும் எரியுற ஃபில்-இன்ல வைங்க, ஆட்டோவுல விடாதீங்க. அந்த ஃபிளாஷ் நேரா வெளியே போகாம மறைப்பும் போடணும், இல்லன்னா துகள் மேல முதல்ல அடிக்கிறதே அதுதான்.

அடிக்கடி வர்ற புகார் ஒண்ணு: "ஸ்ட்ரோப் எரியறது கண்ணுக்குத் தெரியுது, படம் மட்டும் இருட்டு." ஸ்ட்ரோப் கெட்டுப்போகலை. கேமரா வெளிச்ச அளவு பார்க்க, படத்துக்கு முன்னாடி ஒரு முன்ஃபிளாஷ் விடும். மேனுவல்ல இருக்குற ஸ்ட்ரோப் அதுக்கே எரிஞ்சு தீர்ந்துடும். முன்ஃபிளாஷைத் தாண்டிப்போற நிலைக்கு ஸ்ட்ரோப்பை மாத்துங்க, இல்ல டிடிஎல்ல, அதாவது வெளிச்ச அளவைத் தானே பார்த்துக்குற நிலையில, வைங்க.

[திரையில்: டிரே (கேமரா உக்காருற தட்டு), ஸ்ட்ரோப்பைத் தாங்குற ரெண்டு துண்டுக் கை, கிளாம்ப். ஸ்ட்ரோப் மேல இடப்பக்கம் நகருது.]

ஸ்ட்ரோப் கையோட நீளம் மொத்தம் 30 முதல் 40 சென்டிமீட்டர் இருக்கட்டும். குட்டைக் கையில ஸ்ட்ரோப் லென்ஸை ஒட்டி நிக்கும், புள்ளி மழைதான். கடிகாரத்துல 10 மணி இருக்குற பக்கம் தூக்குங்க. ஸ்ட்ரோப் முகம் போர்ட்டோட (ஹவுசிங்ல லென்ஸுக்கு முன்னால இருக்குற கண்ணாடி) விளிம்பைத் தாண்டி முன்னால வரக் கூடாது. மீனைக் குறிபார்த்துத் திருப்பாம கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சு, ஒளிவட்டத்தோட ஓரம் மட்டும் மீனைத் தொடுற மாதிரி வைங்க. விரல் நீளக் கடல் நத்தையை 5 சென்டிமீட்டர்ல எடுக்கும்போது நடுவுல தண்ணியே இல்லை, அப்போ ஸ்ட்ரோப்பைக் கிட்டக் கொண்டுவரலாம். சிங்கமீனைக் கிட்டப்போய் எடுக்குறப்போ முதுகு முள்ளுல விஷம் இருக்குங்கிறது நினைப்புல இருக்கட்டும்.

இறங்கினதும் மீனைத் தேடாதீங்க. அரை மீட்டர்ல உங்க கையையே ஒரு படம் எடுங்க. வெளுத்துப்போனா பவரைக் குறைங்க, ஐஎஸ்ஓ 100-லயே இருக்கட்டும்.

[திரையில்: ஓ-ரிங், மிக அருகில்.]

தண்ணி புகுந்த கேமராவுல பெரும்பாலும் காரணம் ஒரு தலைமுடி, இல்ல ஒரு மணல். ஓ-ரிங்கை ஊசியால கிளறாதீங்க. ரெண்டு விரலால ஒரு பக்கமா நெருக்கினா அதுவே மேல எழும்பும். விரலுக்கு நடுவுல உருவிப் பாருங்க, கரகரன்னு பட்டா மணல் இருக்கு. அது உக்காருற பள்ளத்தை நூல் உதிராத துணியால துடைங்க. காது குடையுற பஞ்சுக் குச்சி வேண்டாம், அதோட இழையே ஒழுகலுக்கு வழி. கிரீஸ் ஓர் அரிசி அளவு போதும். பளபளப்பு தெரியணும், கட்டி தெரியக் கூடாது. அடைக்கிறது ரப்பர்தான், கிரீஸ் வழுக்குறதுக்கு மட்டும். ஹவுசிங்கோட வர்ற கிரீஸைத் தவிர வேற போட்டா சில ரப்பர் உப்பிடும்.

இதை முந்தின ராத்திரி ஏசி அறையிலயே முடிச்சிடுங்க. தேங்காய்த்திட்டுல படகேறின பிறகு திறந்தா நம்ம ஊர்ப் புழுக்கக் காத்து உள்ள மாட்டிக்கும், கீழே குளிர்ந்ததும் கண்ணாடி பனிச்சுடும். சிலிக்கா ஜெல் பை ஒண்ணு போடுங்க, மூடும்போது ஓ-ரிங்ல மாட்டாம பாருங்க.

புது ஹவுசிங்கை முதல் டைவ்ல கேமரா இல்லாமலே கொண்டுபோங்க. ஆழத்துல அழுத்தம் மூடியை இன்னும் இறுக்கும். பல ஒழுகல் முதல் சில மீட்டர்லயே தெரிஞ்சிடும். அதனால 1 மீட்டர்ல நின்னு குமிழி வருதான்னு பாருங்க. கீழே போன பிறகு தண்ணி தெரிஞ்சாலும் மேல வர்ற வேகத்தைக் கூட்டாதீங்க, 5 மீட்டர்ல 3 நிமிஷ நிறுத்தத்தையும் விடாதீங்க. கேமராவை வேற வாங்கிக்கலாம்.

படகுக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஸ்ட்ரோப் கையைப் பிடிச்சுத் தூக்க விடாதீங்க, டிரேயைப் பிடிக்கச் சொல்லுங்க. கரையில அரை மணி நேரம் நல்ல தண்ணியில ஊறட்டும், ஊறும்போதே ஒவ்வொரு பட்டனையும் பத்துத் தடவை அழுத்துங்க, இல்லன்னா அடியில உப்பு கட்டிக்கும். ஸ்ட்ரோப்புக்கு நாலு ஏஏ ரீசார்ஜ் பேட்டரி, ஒரே நாள்ல வாங்கினது, ஒண்ணா சார்ஜ் ஏத்தினது. பழசும் புதுசும் கலந்தா பலவீனமான செல்லுதான் முதல்ல ஒழுகும். அடுத்த டைவ் வரைக்கும் பேட்டரியை வெளியே எடுத்து வச்சு, ஹவுசிங் மூடியை இறுக்காம சும்மா சாத்தி வைங்க.