மூழ்கிய கப்பலும் வெள்ளலூர்ப் பானையும்

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே, வணக்கமுங்க.

அலைச் சத்தமே கேட்காத ஈரோட்டில் மூழ்கிய கப்பலைப் பற்றி என்னங்க பேச்சு என்று வாசலிலேயே கேட்டீர்கள். நம் நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் காலத்திலேயே இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்தார்கள். கடல் வணிகத்தில் நமக்கும் பங்கு உண்டுங்க. கிளம்பிய கப்பலெல்லாம் கரை சேர்ந்ததா? இலங்கையில் கொடவாய ஊருக்கு எதிரே, சுமார் 33 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கப்பல் ஒன்று கிடக்கிறது. அதன் சரக்கு என்ன தெரியுமா? கண்ணாடிப் பாளமும் இரும்பும்!

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு கப்பலுக்காகவே அருங்காட்சியகம் இருக்கிறது. மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ், 1545-இல் மூழ்கியது, 1982-இல் மேலே வந்தது. அதில் மாலுமிகளின் பேன் சீப்புகள் கிடைத்தன. பல்லிடுக்கில் பேன்கூட அப்படியே இருந்ததுங்க! எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். அதனால்தான் இது தச்சருடைய அறை, இது வைத்தியருடைய பெட்டி என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது.

ஆபத்திலிருக்கும் கப்பலை மீட்டுக் கூலி வாங்குகிறவர்களை நான் மதிக்கிறேன். மீட்டால்தான் கூலி, மீட்காவிட்டால் காலணா கிடையாது, துணிச்சலான தொழில். பழங்கப்பலைச் சரக்குக் கிடங்காகப் பார்ப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1752-இல் தென்சீனக் கடலில் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சன். 1986-இல் அதன் பீங்கான்கள் ஒரு லட்சத்துக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. தட்டும் கோப்பையும் ஊர் ஊராகச் சிதறிவிட்டன. அந்தக் கப்பலை இனி யார் முழுசாகப் பார்ப்பது?

இதையே நாம் கரையில் செய்கிறோம். 1842-இல் கோயம்புத்தூர் பக்கத்து வெள்ளலூரில் ஒரு பானையில் 522 ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கணக்கில் ஏறியதால் இன்றும் பேசுகிறோம். ஏர் ஓட்டும்போது அகப்பட்டு, ஆசாரி பட்டறையில் உருகிப்போனால் எந்தக் கணக்கில் வரும்?

தோட்டத்தில் காசுப் பானை அகப்பட்டால், கைபடாமல் அப்படியே விட்டு, கலெக்டருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துத் தரவேண்டும். உரியவர் யாரும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் அதில் பங்குண்டு. பயப்பட ஒன்றுமில்லைங்க.