தறிக்குப் போகும் முன் நூலுக்கு ஒரு பரீட்சை

[காட்சி: மேஜைமேல் ஒரு சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய, சிவப்பு நூல். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீர், ஒரு வெள்ளைத் துணித் துண்டு.]

வணக்கம். சால்வையும் ஸ்கார்ஃபும் நெய்து விற்க ஆரம்பித்திருப்பவர்களுக்கான வீடியோ இது. ஆனால் இன்றைக்குத் தறிப் பக்கமே போகப் போவதில்லை. நூல் கைக்கு வந்ததிலிருந்து, அதைப் பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளாக, ஓட்டுவது வரைக்கும்தான் பேச்சு.

நமக்கென்று நெய்துகொண்டால், சாயம் கொஞ்சம் போனாலும் ஓரம் சுருங்கினாலும் நாமே சமாளித்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கியவர் ஏன் சமாளிக்க வேண்டும்? சுருங்குவது, சாயம் விடுவது, பிசிறு கட்டுவது, அறுந்துபோவது என்று நூல் என்னென்ன சேட்டை செய்யுமோ, அத்தனையையும் நம் கையில் இருக்கும்போதே செய்யவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எனக்கு இது உறைத்தது ஒரு சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சால்வையால். நெய்து முடித்து முதல் அலசு அலசினேன். வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. நூல் விற்றவர் கெட்டிச் சாயம் என்று சொன்னார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சால்வை இன்னும் என் நாற்காலியின் முதுகில்தான் கிடக்கிறது.

[காட்சி: கிட்டத்தில், இரண்டு கைகள் மட்டும்.]

அதனால் முதல் சோதனை சாயம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு முழம் வெட்டுங்கள். அதை ஒரு வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்துச் சுருட்டிக் கட்டுங்கள். இரண்டு சொட்டு சோப்பு விட்ட வெந்நீரில் இருபது நிமிடம் போட்டு வையுங்கள். பிழிந்து, சுருட்டிய மேனிக்கே காயவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தண்ணீரின் நிறத்தைவிடத் துணியின் நிறம்தான் முக்கியம். தண்ணீரில் லேசாக இறங்குவது, ஒட்டாமல் மிஞ்சி நின்ற சாயமாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை அலசினால் போய்விடும். வெள்ளைத் துணியே நிறம் வாங்கிக்கொண்டால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அப்புறம் காய்ந்த நூலை இன்னொரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். அவுரிச் சாயம் தண்ணீரில் சமர்த்தாக இருந்துவிட்டு, தேய்க்கும்போது ஒட்டிக்கொள்ளும். சால்வை கழுத்திலும் சட்டைக் காலரிலும் தேய்கிற பொருள், மறக்க வேண்டாம்.

ஒரு நிறத்துக்குத் தேவையான நூல் மொத்தத்தையும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்ததாக, வாங்கிவிடுங்கள். முடியவில்லையா? பாவுக்குக் குறுக்கே போகும் இழைதான் ஊடை, அதைக் கொண்டுபோகும் கருவி நாடா. இரண்டு லாட்டையும் இரண்டு நாடாவில் போட்டு, ஊடையில் மாற்றி மாற்றி விடுங்கள். வித்தியாசம் கலந்து மறைந்துவிடும். பாதியில் மாற்றினால் சால்வையின் நடுவே கோடு கிழித்தது போலத் தெரியும்.

[காட்சி: இடுக்கியில் பிடித்த நூல், மெழுகுவர்த்திச் சுடர்.]

லேபிள் இல்லாத மிச்ச நூலா? கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனை தரும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் இந்தச் சோதனை ஏமாற்றும். விற்கிற துணியில் என்ன இழை இருக்கிறது என்று எழுதியாக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். அதனால் எது என்று தெரியாத நூலை நான் விற்பனைக்கு நெய்வதில்லை, அது பழகுவதற்கு.

சரி, நம்பர். 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதுதான் பருத்தி நூலின் நம்பர். இருபது சிட்டம் என்றால் 20-ஆம் நம்பர். அதனால்தான் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. 2/20 என்றால் 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. சில இடங்களில் இதையே 20/2 என்று திருப்பி எழுதுவார்கள், பயந்துவிடாதீர்கள். கம்பளிக்குப் பெரும்பாலும் மெட்ரிக் நம்பர்: ஒரு கிராமில் எத்தனை மீட்டர். மெட்ரிக் 2/8 என்றால் எட்டை இரண்டால் வகுத்து, கிராமுக்கு 4 மீட்டர்.

[காட்சி: நூலை இரு கைகளால் இழுப்பது.]

பாவுக்கு ஆகுமா என்று பார்க்க, ஒரு சாண் நூலைப் பிடித்து நிதானமாக இழுங்கள். பட்டென்று அறுந்தால் பரவாயில்லை, கொஞ்சம் பலம் கேட்டு அறுந்திருக்கும். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து கழன்று வந்தால் அது ஊடைக்குத்தான். இன்னொன்று: இழுத்துப் பிடித்த நூலில் நகத்தை முன்னும் பின்னும் இருபது தடவை ஓட்டுங்கள். தறியில் பாவு இழையைத் தூக்கி இறக்கும் விழுதிலும், சீப்பு மாதிரி இருக்கும் அச்சிலும் அது படப்போகிற பாடு அதுதான். பிசிறு எழுந்தால் பாவு ஒன்றோடொன்று ஒட்டும். ஒற்றை இழைப் பருத்தியைப் பாவாக்கினால் கஞ்சி போட்டே ஆக வேண்டும். நன்றாக முறுக்கிய இரட்டை இழைக்குப் பெரும்பாலும் வேண்டாம்.

[காட்சி: அளவுகோலில் நூல் சுற்றுவது.]

எவ்வளவு நெருக்கமாக நெய்வது? அளவுகோலில் ஓர் அங்குலத்துக்கு நூலை ஒட்டி ஒட்டிச் சுற்றி எண்ணுங்கள். சாதா நெசவுக்கு அதில் பாதி. முப்பது சுற்று வந்தால் அங்குலத்துக்குப் பதினைந்து இழை. சால்வைக்கு நான் இன்னும் இரண்டு குறைப்பேன். தோளில் வழிந்து விழ வேண்டும், பாய் மாதிரி விறைக்கக் கூடாது.

இதன்பிறகு மாதிரி. ஒரு சாண் அகலத்துக்காவது நெய்து, அளந்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து, மறுபடி அளந்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் கணக்குப் போடுவது வெறும் ஊகம்.

[காட்சி: கரும்பலகை.]

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மெட்ரிக் 2/8 கம்பளி. அலசியபின் 50 செ.மீ. அகலம், 180 செ.மீ. நீளம் வேண்டும். மாதிரி 10 சதவீதம் சுருங்கியது. அப்படியானால் தறியில் அகலம் 56, நீளம் 200. இழைகள் மேலும் கீழும் வளைந்து போவதால் பாவு நீளத்தில் இன்னொரு பத்து சதவீதம்: 220. இரண்டு முனையிலும் குஞ்சத்துக்குப் பதினைந்து பதினைந்து: 250. தறியில் கட்டுவதிலும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்பதிலும் வீணாவது, என் தறியில் 70 செ.மீ. ஆக ஒரு சால்வைக்கு 320.

இப்போது கவனியுங்கள். அந்த 70 செ.மீ. ஒரு பாவுக்கு ஒரு தடவைதான். மூன்று சால்வையைத் தனித்தனிப் பாவாகப் போட்டால் 9.6 மீட்டர், ஒரே பாவில் போட்டால் 8.2 மீட்டர். செ.மீ.க்கு ஐந்து இழை என்றால் 280 இழை. மிச்சமாகிற 1.4 மீட்டரை 280-ஆல் பெருக்குங்கள்: 392 மீட்டர், ஏறக்குறைய நூறு கிராம். குப்பைக்குப் போகவேண்டிய நூல் அது. ஊடை நிறத்தை மாற்றினால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

பாவுக்கு 8.2 மீட்டரை 280-ஆல் பெருக்கினால் 2,296 மீட்டர். ஊடையும் செ.மீ.க்கு ஐந்து என்றால் 200 செ.மீ. நீளத்துக்கு ஆயிரம் ஊடை, ஒவ்வொன்றும் 56 செ.மீ., வளைவுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் ஒரு சால்வைக்கு 616 மீட்டர். மூன்று சால்வைக்கும் எல்லாம் சேர்த்து 4,144. நான்கால் வகுத்தால் 1,036 கிராம். நான் 1,200 வாங்குவேன்.

[காட்சி: கொதிக்கும் பாத்திரம்.]

சாயம் போடாத பருத்தியை நீங்களே சாயம் தோய்ப்பதானால் முதலில் வேகவைக்க வேண்டும். இயற்கையான மெழுகு அதில் இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதிக்கட்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு வருவதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். கம்பளியை ஒருபோதும் இப்படிக் கொதிக்கவைத்துக் கிளறாதீர்கள், கட்டியாகிவிடும். எண்ணெய் ஏற்றி வரும் கம்பளி நூலை நான் அலசாமலே நெய்வேன். அந்த எண்ணெய் தறியில் இழையைக் காக்கும். துணியாக அலசும்போது போய்விடும், நூலும் பூத்து வரும்.

[காட்சி: சிட்டத்தில் எட்டு வடிவக் கட்டு.]

எதை நனைத்தாலும் முன்னால் சிட்டத்தை நான்கு இடத்தில், எட்டுப் போல வளைத்து, தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் அங்கே சாயம் ஏறாது. காய்ந்ததும் ராட்டையில் கண்டாகச் சுற்றும்போது நூலை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிடுங்கள். முடிச்சு, மெலிந்த இடம், ஒட்டிய பஞ்சு எல்லாம் கண்ணைவிட விரலுக்கு முதலில் தெரியும்.

பாவு ஓட்டும்போது முடிச்சு வந்தால் அப்படியே விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பாவு ஓட்டும் சட்டத்தின் முதல் முளை வரைக்கும் திரும்பிப் போய், அங்கே வெட்டி முடியுங்கள். முனையில் இருக்கிற முடிச்சு கழிவில் போய்விடும். சால்வையின் நடுவில் இருக்கிற முடிச்சை வாங்குபவர் முதலில் தடவிக் கண்டுபிடிப்பார். பத்துப் பத்து இழையாக நூல் கட்டி எண்ணிக்கொள்ளுங்கள். முளைகளுக்கு நடுவே இழைகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தைக் கட்டாமல் பாவைக் கழற்றவே கூடாது. அந்த வரிசை போனால் 280 இழையையும் ஒவ்வொன்றாகத் தேடவேண்டியதுதான்.

கழற்றியதைச் சங்கிலியாகப் பின்னித் தொங்கவிடுங்கள். கூடவே ஓர் அட்டையில் ஒரு துண்டு நூல், நம்பர், லாட், சுருங்கிய சதவீதம். "இதே மாதிரி இன்னொன்று வேண்டும்" என்று யாராவது கேட்பார்கள். அடுத்த வீடியோவில் இந்தப் பாவை அச்சில் கோக்கலாம்.