ரோந்து வண்டியும் புகார் மேசையும்

மேடையிலிருக்கும் காவல்துறை அதிகாரிகளே, எதிரே அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

காவல்துறையின் சேவை மேம்பட என்ன செய்யலாம் என்று எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் முதலில் வரும் பதில், இன்னும் நாலு ரோந்து வண்டி வேண்டும், கூப்பிட்டதும் ஓடி வர வேண்டும் என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்து ஐம்பது வருடங்களாகிவிட்டன.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-73இல் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது. யாராவது அழைத்தால்தான் வண்டி போகும். வருடம் முடிந்து கணக்குப் பார்த்தால் குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

வேகமாவது கைகொடுத்ததா? பிறகு நான்கு அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்தார்கள். பதிவான பெருங்குற்றங்கள் 100 என்றால், போலீஸ் விரைந்து வந்ததால் ஆள் அகப்பட்டது 3க்கும் குறைவு. பெரும்பாலான திருட்டு நடந்து வெகுநேரம் கழித்துத்தான் நமக்கே தெரிகிறது. கண்ணெதிரே நடந்தாலும் நாம் முதலில் கூப்பிடுவது அண்ணனையோ மச்சானையோதானே! உயிருக்கு ஆபத்து என்றால் வேகம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்றவற்றுக்கு?

ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்ற பேராசிரியர் 1979இல் எழுதிய கட்டுரையை ஒரு பத்திரிகைச் செய்தியோடு தொடங்கினார். இங்கிலாந்தில் பேருந்துகள் நிறுத்தத்தில் காத்திருந்தவர்களை ஏற்றாமலே போயினவாம். கேட்டதற்கு, ஆளை ஏற்ற நின்றால் கால அட்டவணைப்படி ஓட்ட முடியாது என்று விளக்கம் வந்ததாம். சிரிக்கிறீர்கள். எத்தனை வழக்கு, எத்தனை கைது என்று மாதாந்திர அறிக்கையை நிரப்புவதிலேயே ஒரு காவல் நிலையம் மூழ்கினால் அதுவும் அந்தப் பேருந்துதான். அவர் கேட்டது, திரும்பத் திரும்ப வரும் புகாரின் வேரைப் பாருங்கள் என்பது. ஒரே தெருமுனையில் சனிக்கிழமைதோறும் அடிதடி என்றால், வாரந்தோறும் போய் விலக்கிவிட்டு வருவதா? அங்கே ஏன் விளக்கு எரியவில்லை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதும் காவல் வேலைதான்.

என்னைக் கேட்டால் எல்லாம் தொடங்குவது புகார் மேசையில். வீடு உடைபட்டு ஒரு பெண் வந்து நிற்கிறார். "உட்காருங்கம்மா" என்று சொல்கிறார்களா, "எந்த ஏரியா?" என்று விரட்டுகிறார்களா? அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை பேனா எடுத்தவர் குறுக்கிடாமல் இருக்கிறாரா? எழுதியதை வாசித்துக் காட்டுகிறாரா? கிளம்பும்போது அவர் கையில் புகார் எண், விசாரிக்கும் அதிகாரியின் பெயர், தொலைபேசி எண் மூன்றும் உள்ள ஒரு சீட்டு இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் "நாளைக்கு வாங்க" என்ற அலைக்கழிப்பு பாதி இதிலேயே குறையும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சில இடங்களில் வழக்கமான சோதனை. சில இடங்களில் எதற்காக நிறுத்துகிறோம் என்று விளக்கி, ஓட்டுநரின் கருத்தையும் கேட்டு, மரியாதையாக அனுப்பினார்கள். ஊதச் சொன்ன கருவி ஒன்றுதான். ஆனால் இரண்டாம் வகையினருக்குப் போலீஸ்மீது மதிப்பு கூடியிருந்தது.

மேசையில் இருப்பவர் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் மரியாதை எங்கிருந்து வரும் என்று அதிகாரிகள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரியான கேள்வி. புது வண்டிக்குக் கேட்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த மேசைக்கு இன்னொரு ஆளைப் போடச் செலவழியுங்கள். சங்கத்தாரும் அடுத்த கூட்டத்தில் கைது எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். போன மாதம் புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேரை நிலையமே திரும்ப அழைத்து விவரம் சொன்னது என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.