போட்டோகார்டுக்குப் பின்னால் ஒரு முகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் நூலகக் குழுவினரே, எனக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி என் பிழைப்பைக் கெடுத்துவிட்ட செயலாளர் அவர்களே, பெற்றோர்களே, கே-பாப் ரசிகக் கண்மணிகளே, வணக்கம்.

வெளிச்சம், அச்சு, அனுமதி என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இந்தப் பிள்ளைகளின் படங்களிலோ முகத்தையே காணோம். அந்த இடத்தில் 55க்கு 85 மில்லிமீட்டரில் ஒரு போட்டோகார்டு, அதாவது பாடகர் படம் அச்சிட்ட சின்ன அட்டை, நிற்கிறது! 2010இல் கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற கொரியப் பாடகியர் குழுவின் 'ஓ!' ஆல்பத்தோடு வந்து பரவிய பழக்கம்.

ஒரு மாணவி. அட்டையைக் கேமராவை நோக்கி நீட்டிப் பிடிப்பாள், அக்கா படமெடுப்பாள். அட்டை பளிச்சென்று விழும், அவள் முகம் புகையாக மங்கும். "போன் சரியில்லை" என்றாள். போன் என்ன செய்யும்? பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள்; இரண்டும் ஒரே தூரம். இப்போது முகம் இருண்டுபோயிற்று. வெள்ளை அட்டையைக் கண்டு கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிட்டது. அக்கா திரையில் கன்னத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்தி, அந்த வெளிச்ச அளவைப் பூட்டினாள். அட்டையில் ஜன்னல் பளபளத்தது. சற்றே சாய்த்ததும் போயிற்று. கடைசியில் பியூட்டி ஃபில்டரையும் அணைத்தார்கள். அதுவரை அது அவள் நிறத்தை வெளுத்து, உதட்டோர மச்சத்தையும் தின்றிருந்தது. பாடகியின் அதே தலைசாய்ப்பு, அதே விரல் முத்திரை. மச்சம் மட்டும் இவளுடையது! அடுத்தடுத்த படங்களில் அட்டை தோளுக்கு இறங்கிற்று, கைக்கு இறங்கிற்று, பிறகு மேசையில் கிடந்தது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும், சரி. முகம் எதில் தெரியும்? தாளில், ஐயா! போனுக்குள் புதைக்காதீர்கள், அச்சிடுங்கள். அதே போட்டோகார்டு அளவில் உங்கள் முகம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 650க்கு 1004 பிக்சல் வேண்டும்; வாட்ஸப்பில் வந்ததை வெட்டிப் பெரிதாக்கினால் தேறாது. 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், ஏ4இல் ஒன்பது அட்டை. சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் விடுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். பிவிசி உறை நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள்.

அனுமதியைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நூலகக் குழுவினரே, வாசலில் அந்த அறிவிப்புப் பலகை சும்மாதானே இருக்கிறது? ஒன்பது உறைகளை மாட்டுங்கள், மாதம் ஒன்பது பிள்ளைகள். பிரிண்டர் மைச் செலவுக்கு முன்வரிசையை நோக்கிக் கைகூப்புகிறேன்.